தோராவைக் கற்றலும் கைக்கொள்ளுதலும்: யூத மரபின் சில சிந்தனைகள்

யோசுவா நூலின் முதல் அதிகாரத்தையும் முதலாம் சங்கீதத்தையும் அடுத்தடுத்து வாசிப்போர் இரண்டிலும் ஒரே செய்தி அமைந்திருப்பதைக் காண்பர். இரவும் பகலும் இறைவனின் போதனையில் ஆழ்ந்திருக்கும் மனிதனைப் பற்றியே இரண்டும் பேசுகின்றன. அப்போதனையைக் குறிக்கும் எபிரேயச் சொல்லும் இரண்டு இடங்களிலும் ஒன்றே. அது 'தோரா' என்பது. ஆனால் நம் திருச்சபைகளில் நெடுங்காலமாக வழங்கிவரும் தமிழ் மொழிபெயர்ப்பில் அச்சொல் யோசுவாவில் 'நியாயப்பிரமாணம்' என்றும், சங்கீதத்தில் 'வேதம்' என்றும் நிற்கிறது. இவ்வேறுபாடு சிறியதன்று. வேதம் என்று கேட்டவுடன் நம் உள்ளம் பணிகிறது. நியாயப்பிரமாணம் என்று கேட்டவுடனோ, கிருபைக்கு எதிராக நிற்கும் ஒரு பாரம் நம் நினைவுக்கு வருகிறது. ஒரு சொல்லை இரண்டாகப் பிளந்து, இனிய பாதியை நமக்கென்று வைத்துக்கொண்டு, கடினமான பாதியை யூதருக்கு விட்டுவிட்டோம் எனின் அது மிகையாகாது.

தோரா என்னும் சொல் 'சுட்டிக்காட்டு', 'கற்பி' என்னும் பொருளுடைய வினையினின்று பிறந்தது. ஆசிரியரைக் குறிக்கும் 'மோரே' என்னும் எபிரேயச் சொல்லும் அவ்வேரினதே. கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் ஐந்தாகமங்களைக் கிரேக்கத்தில் பெயர்த்தோர் அதற்கு 'நோமொஸ்' என்னும் சொல்லைத் தெரிந்துகொண்டனர். வழக்கம், சட்டம் ஆகிய பொருள்கள் அச்சொல்லுக்கு உண்டு. பவுல் அடிகளின் நிருபங்களிலும் அதுவே வருகிறது. அது தவறான மொழிபெயர்ப்பு என்று நாம் சொல்லவில்லை. தோராவில் கட்டளைகள் உண்டு, சட்டமும் உண்டு. எனினும் ஆதியாகமத்தின் கதைகளும் செங்கடலைக் கடந்த மக்களின் பாடலும் தோராவே என்பதை 'சட்டம்' என்ற சொல் மறைத்துவிடுகிறது.

மேற்கூறிய இரு பகுதிகளிலும் 'தியானித்தல்' என்று நாம் வாசிக்கும் வினையும் கருதத்தக்கது. எபிரேயத்தில் அது 'ஹாகா'. ஏசாயா நூலில் அதே வினை இரைமேல் நின்று உறுமும் சிங்கத்திற்கும், புலம்பும் புறாவிற்கும் வழங்கப்படுகிறது. ஆகவே அது கண்மூடி மௌனமாயிருக்கும் தியானமன்று. வாய் முணுமுணுக்க, ஓசை எழக் கற்கும் கல்வி. இன்றும் யூதரின் 'பெத் மித்ராஷ்' எனப்படும் கல்விக்கூடத்தில் நுழைவோர் அங்கே அமைதியைக் காணார். இருவர் இருவராக எதிரெதிரே அமர்ந்து, உரக்க வாசித்து, கைகளை வீசி வாதாடுவர். சந்தைக்கடை இரைச்சல் போல் நமக்குத் தோன்றக்கூடிய அதுவே அவர்கள் கண்ணில் வழிபாடு.

எழுத்தும் வாய்மொழியும்

தோரா இரு வடிவில் அருளப்பட்டதாக ரபீமார் நம்பினர். ஒன்று எழுதப்பட்ட தோரா. மற்றொன்று வாய்மொழித் தோரா. மோசேயிடமிருந்து யோசுவாவுக்கும், அவரிடமிருந்து மூப்பருக்கும், பின்னர் தீர்க்கதரிசிகளுக்கும், அதன்பின் பெருஞ்சங்கத்தாருக்கும் இது கையளிக்கப்பட்டது என்று 'பிதாக்களின் மொழிகள்' என்னும் பகுதி தொடங்குகிறது. கி.பி. 70இல் எருசலேம் தேவாலயம் உரோமரால் அழிக்கப்பட்டபின், பலிபீடமும் ஆசாரியத்துவமும் இன்றி இஸ்ரவேலர் எவ்வாறு வாழ்வது என்ற வினா எழுந்தது. யவ்னே நகரில் இயோகனான் பென் சக்காயும் அவர் மாணாக்கரும் கல்விக்கூடத்தை நிறுவியதில் அதற்கான விடை உருவாயிற்று. சுமார் கி.பி. 200இல் யூதா என்னும் தலைவர் வாய்மொழி மரபைத் தொகுத்தார். அதுவே ஆறு பிரிவுகளும் 63 நூல்களும் கொண்ட மிஷ்னா. மிஷ்னாவின்மேல் எழுந்த விவாதங்கள் கெமாரா எனப்பட்டன. இரண்டும் சேர்ந்ததே தல்மூது. பலஸ்தீனத் தல்மூது, பாபிலோனியத் தல்மூது என இரண்டு உண்டு. பின்னதே பெரியதும் அதிகாரம் மிக்கதும் ஆகும்.

தல்மூதின் ஓர் ஏட்டை நோக்கினாலே இம்மரபின் இயல்பு விளங்கும். நடுவில் மிஷ்னாவும் கெமாராவும் நிற்கும். ஒரு பக்கத்தில் பிரான்சு நாட்டுத் துருவா நகரில் வாழ்ந்து 1105இல் மறைந்த ராஷியின் உரை. மறுபக்கத்தில் அவருடைய பேரன்மாரும் அவர்கள் வழிவந்தோரும் எழுதிய குறிப்புகள். அவர்கள் ராஷியையே பல இடங்களில் மறுக்கின்றனர். பாட்டனாரின் உரையும் பேரனின் மறுப்பும் ஒரே தாளில், ஒரே மூலத்தின் இருபுறமும் அச்சாகியுள்ளன. தல்மூது முழுவதையும் இவ்வமைப்பில் முதலில் அச்சிட்டவர் ஒரு கிறிஸ்தவர் என்பது நம்மிற் பலர் அறியாத செய்தி. ஆன்ட்வெர்ப்பைச் சேர்ந்த தானியேல் பொம்பெர்க் வெனிசு நகரில் 1520 முதல் 1523 வரை அப்பணியைச் செய்தார். ஒவ்வொரு நூலும் இரண்டாம் ஏட்டில்தான் தொடங்கும். முதல் ஏடு என்று ஒன்றில்லை. இது அச்சகத்தாரின் வழக்கத்தால் நேர்ந்ததாகலாம். ஆனால் எவ்வளவு கற்றவனும் இன்னும் தொடக்கத்தை எட்டவில்லை என்பதை இது நினைவூட்டுவதாக யூத ஆசிரியர் பொருள் உரைப்பர்.

கிறிஸ்தவர் தல்மூதை அச்சிட்டதைச் சொன்ன நாம், கிறிஸ்தவர் அதை எரித்ததையும் சொல்லவேண்டும். 1240இல் பாரிசு நகரில் தல்மூதின்மேல் விசாரணை நடந்தது. 1242இல் கையெழுத்துச் சுவடிகள் வண்டி வண்டியாகக் கொண்டுவரப்பட்டுத் தீக்கிரையாயின. 1553இல் உரோமாபுரியில், யூதரின் புத்தாண்டு நாளன்றே, மறுபடியும் எரித்தனர். ஒரு மக்களின் நூல் எரியும்போது அவர்களுடைய வழிபாடே எரிகிறது என்பதை எரித்தவர்கள் நன்கு அறிந்திருந்தனர்.

கல்வியா, செயலா?

இரண்டாம் நூற்றாண்டின் ரபீமார் லித்தா ஊரில், நித்சா என்பவரின் வீட்டு மேலறையில் கூடியிருந்தபோது ஒரு வினா எழுந்ததாகத் தல்மூது கூறுகிறது. கல்வி பெரிதா, செயல் பெரிதா? செயலே பெரிது என்றார் தர்போன். கல்வியே பெரிது என்றார் அக்கீபா. கல்வி செயலுக்குக் கொண்டுசெல்வதால் கல்வியே பெரிது என்று எல்லாரும் முடிவு செய்தனர். விந்தையான தீர்ப்பு இது. கல்வி வென்றது, ஆனால் அது வென்றதற்குக் காட்டிய காரணம் செயலாக இருக்கிறது! யார் வென்றார் என்று இன்றுவரை யூத அறிஞர் வாதிட்டு வருகின்றனர்.

இவ்வினா ஓய்வாக அமர்ந்து பேசியோரின் பொழுதுபோக்கு அன்று. அதே மேலறையில்தான் வேறொரு தீர்மானமும் நிறைவேறியதாகத் தல்மூது மற்றோரிடத்தில் கூறுகிறது. உயிருக்கு ஆபத்து வரும்போது எக்கட்டளைகளை மீறலாம், எவற்றிற்காக உயிரையே கொடுக்கவேண்டும் என்பதே அங்கு ஆராயப்பட்டது. சிலைவணக்கம், தகாத உறவு, கொலை ஆகிய மூன்றைத் தவிர மற்றவற்றில் உயிரைக் காத்துக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று. உரோமப் பேரரசு தோராவைக் கற்பிப்பதைத் தடை செய்தபோதும் அக்கீபா வெளிப்படையாகக் கற்பித்தார். அஞ்சமாட்டீரோ என்று கேட்ட ஒருவருக்கு அவர் ஓர் உவமை கூறினார். வலைக்கு அஞ்சி ஓடும் மீன்களைக் கரைக்கு வந்து தன்னுடன் வாழுமாறு நரி அழைத்ததாம். நாங்கள் உயிர்வாழும் நீரிலேயே அச்சம் இருக்குமானால், எங்களுக்குச் சாவான கரையில் எவ்வளவு அச்சம் என்று மீன்கள் மறுத்தனவாம். அக்கீபா பிடிபட்டார்; உரோமர் இரும்புச் சீப்புகளால் அவர் சதையைக் கிழித்தபோது, கடவுள் ஒருவரே என்னும் அறிக்கையைச் சொல்லி உயிர் நீத்தார். லித்தாவில் கல்வியே பெரிது என்றவர் இவரே.

ஒவ்வொரு நாள் காலையிலும் யூதர் கற்கத் தொடங்குமுன் இறைவனைத் துதிக்கும் சிறு ஜெபம் ஒன்றைச் சொல்வர். கட்டளைகளை நிறைவேற்றுமுன் சொல்லும் ஜெபங்களின் வடிவிலேயே அதுவும் அமைந்துள்ளது. கற்பதற்கு ஆயத்தமாகவன்று, கற்பதே கட்டளையாகிய செயலாதலால் அதைச் சொல்லுகின்றனர். வேதபாட வகுப்பை ஆராதனைக்கு முன்னுரையாகக் கருதும் நமக்கு இது புதிது.

வாதமும் அதன் விலையும்

இல்லேல் பள்ளியாரும் சம்மாய் பள்ளியாரும் மூன்றாண்டு வாதாடியபின் வானத்திலிருந்து ஒரு குரல் தோன்றி, இருசாராரின் சொற்களும் ஜீவனுள்ள கடவுளுடையவையே, ஆயினும் நடைமுறை இல்லேல் பள்ளியின்படியே இருக்கவேண்டும் என்றதாம். இருவரும் சரியாயின் இல்லேல் பள்ளிக்கு ஏன் முதன்மை? அவர்கள் சாந்தமுள்ளவர்கள், தங்கள் கருத்தோடு எதிராளியின் கருத்தையும் கற்பித்தனர், அதுமட்டுமன்று, எதிராளியின் கருத்தை முதலில் சொன்னார்கள் என்பது தல்மூதின் விடை. தோற்ற கருத்தையும் மிஷ்னா எழுதி வைப்பதற்குக் காரணம் உண்டு. பிற்காலத்து நீதிமன்றம் ஒன்றுக்கு அது தேவைப்படலாம்.

இயோகனானும் அவருடைய நண்பர் ரேஷ் லாக்கீசும் பற்றிய கதை இன்னும் ஆழமானது. ரேஷ் லாக்கீசு முன்னாளில் கொள்ளைக்காரர். இயோகனானால் கல்விக்குத் திரும்பியவர். ஒருநாள் வாள், கத்தி முதலியவற்றைப் பற்றிய விவாதத்தில் இயோகனான், கள்வனுக்குத் தன் தொழில் தெரியும் என்று குத்திப் பேசிவிட்டார். அச்சொல்லால் உறவு முறிந்தது. ரேஷ் லாக்கீசு நோயுற்று இறந்தார். துயருற்ற இயோகனானுக்குத் துணையாக வேறொரு அறிஞரை அனுப்பினர். அவரோ இயோகனான் சொன்ன ஒவ்வொன்றுக்கும் ஆதாரம் காட்டினார். இயோகனான் வெகுண்டார். ரேஷ் லாக்கீசு தம் கூற்றுக்கு 24 தடைகள் எழுப்புவார், தாம் 24 விடைகள் கூறுவார், அதனால் பொருள் விரியும்; தாம் சொன்னது சரியென்பது தமக்குத் தெரியாதா என்று கேட்டு, தெருத்தெருவாக அழுது திரிந்து, மதிமயங்கி இறந்தார். ஆமாம் போடும் மாணவரையே விரும்பும் ஆசிரியர் எவரும் இக்கதையைப் படித்துப் பார்க்கலாம்.

அடுத்தது அக்னாயின் அடுப்பு பற்றிய கதை. துண்டுகளாக வெட்டி இடையே மணல் இட்டுக் கட்டிய அடுப்பு தீட்டுப்படுமா என்பது வினா. தீட்டுப்படாது என்றார் எலியேசர். மற்றவர் எல்லாரும் மறுத்தனர். அவர் வாக்கை மெய்ப்பிக்க ஒரு மரம் இடம்பெயர்ந்தது, நீரோடை பின்னோக்கிப் பாய்ந்தது, கல்விக்கூடத்தின் சுவர்கள் சாய்ந்தன. இறுதியில் வானத்துக் குரலும் அவர் பக்கம் பேசிற்று. அப்போது யோசுவா எழுந்து, உபாகமத்தின் 30ஆம் அதிகாரத்தைக் கொண்டு, தோரா இனி வானத்தில் இருப்பதன்று என்று மறுத்தார். சீனாயிலேயே அது கொடுக்கப்பட்டுவிட்டது. இனிப் பெரும்பான்மையோர் தீர்ப்பே செல்லும். தம் பிள்ளைகள் தம்மை வென்றுவிட்டார்கள் என்று கடவுள் நகைத்தாராம்.

கதையை இங்கே நிறுத்துவோர் பலர். வகுப்பறைகளிலும் இவ்வளவே சொல்லப்படுகிறது. ஆனால் தல்மூது இங்கே நிறுத்தவில்லை. வென்றவர்கள் எலியேசர் தூயதென்று தீர்த்த பொருள்களையெல்லாம் எரித்து, அவரைச் சமூகத்திலிருந்து விலக்கினர். செய்தியைச் சொல்ல அக்கீபா கறுப்பு உடை தரித்துச் சென்று, நான்கு முழம் விலகி அமர்ந்தார். எலியேசர் ஆடையைக் கிழித்து அழுதார்; ஒலிவமும் கோதுமையும் வாற்கோதுமையும் மூன்றில் ஒரு பங்கு கருகின. எலியேசரின் மனைவி இம்மா சாலோம், தலைவராயிருந்த கமாலியேலின் சகோதரி. தம் கணவர் முகங்குப்புற விழுந்து மன்றாடினால் தம் சகோதரர் இறப்பார் என்று அஞ்சி நாள்தோறும் அவரைக் காவல் காத்தார். ஒருநாள் அக்காவல் தவறியது, கமாலியேல் இறந்தார். எல்லா வாயில்களும் அடைபட்டாலும், சொல்லால் காயப்பட்டோரின் மன்றாட்டுக்கு உரிய வாயில் அடைபடுவதில்லை என்று அவர் விளக்கினார். இக்கதை தல்மூதில் இடம்பெறுவது தோராவின் அதிகாரத்தைப் பேசும் பகுதியிலன்று. பிறரைச் சொல்லால் புண்படுத்தும் குற்றத்தைப் பேசும் பகுதியில். தீர்ப்பு சரியே, ஆயினும் தீர்ப்பளித்தோர் தம் சகோதரனை நடத்திய முறைக்குக் கணக்குக் கேட்கப்படுகிறது.

பாரம்பரியம்

மாற்கு 7ஆம் அதிகாரத்தைக் கொண்டு முன்னோரின் பாரம்பரியத்தைக் கண்டிக்கும் அருளுரைகளை நாம் கேட்டிருக்கிறோம், செய்தும் வருகிறோம். பெற்றோரைத் தாங்கவேண்டிய பொருளைக் 'கொர்பான்' என்று நேர்ந்துவிட்டு, அவர்களைக் கைவிடுவோரை இயேசு பெருமான் கடிந்துகொள்கிறார். இதே சிக்கல் மிஷ்னாவில், நேர்த்திகள் பற்றிய நூலின் 9ஆம் அதிகாரத்தில் வருகிறது. பெற்றோரின் கனத்தைக் காரணமாகக் காட்டி ஒருவனை அவன் நேர்த்தியினின்று விடுவிக்கலாம் என்பது எலியேசரின் கருத்து. நேர்த்தி அவனுக்கும் அவன் பெற்றோருக்கும் இடையிலானதாயின், அவருடன் மற்ற அறிஞரும் உடன்படுகின்றனர். அதாவது ரபீமாரின் தீர்ப்பு இயேசுவின் பக்கமே நிற்கிறது. மிஷ்னா பிற்காலத் தொகுப்பாகலாம். முதல் நூற்றாண்டில் வேறுவகையாகத் தீர்த்தோரும் இருந்திருக்கலாம். எனினும் நாம் கேட்பது யூதத்திற்கு வெளியே நின்று எறியப்பட்ட கல்லன்று, யூதருக்குள் நடந்த வாதத்தின் ஒரு குரல் என்பதை மறுப்பதற்கில்லை. 1977இல் வெளிவந்த ஈ. பி. சாண்டர்சின் ஆய்வு, பலஸ்தீன யூதம் செயல்களால் மீட்பைச் சம்பாதிக்கும் சமயம் என்ற பழைய சித்திரத்தை ஆட்டங்காண வைத்தது. உடன்படிக்கையின் அருளே முதல், கீழ்ப்படிதல் அதற்கான மறுமொழி என்று அவர் காட்டினார். அவருடைய முடிவுகள் எல்லாவற்றையும் அறிஞர் ஏற்கவில்லை. ஆயினும் பழைய சித்திரத்திற்குத் திரும்ப இனி இயலாது.

மரபு மாறுகிறது என்பதை ரபீமாரே அறிந்திருந்தனர். மோசே காலத்தைக் கடந்து அக்கீபாவின் வகுப்பில் எட்டாம் வரிசைக்குப் பின்னே போய் உட்கார்ந்ததாக ஒரு கதை உண்டு. அங்கு நடந்த பாடம் மோசேக்கு ஒன்றும் விளங்கவில்லை, சோர்ந்தார். இது எங்கிருந்து வந்தது என்று மாணவர் கேட்க, சீனாயில் மோசே பெற்றது என்று அக்கீபா விடை கூறினார். மோசே தேறுதல் பெற்றார். கதையின் நகைச்சுவையை விட்டுவிடாமல் அதன் முடிவையும் பார்க்கவேண்டும். இத்தகைய ஆசிரியருக்கு என்ன பலன் என்று மோசே கேட்டபோது, அங்காடியில் அக்கீபாவின் சதை நிறுக்கப்படுவதைக் கண்டார். இதுவா தோரா, இதுவா அதன் பலன் என்றார். மௌனமாயிரு என்பதே அவருக்குக் கிடைத்த விடை.

யார் கற்பது? யார் தாங்குவது?

ஏழையாயினும் செல்வனாயினும், நோயுற்றவனாயினும், ஒவ்வோர் ஆண்மகனும் தோரா கற்கக் கடமைப்பட்டவன் என்று மைமோனிதர் (1138–1204) எழுதினார். தோராவை மண் தோண்டும் கருவியாக்கி அதனால் பிழைப்பது கூடாது என்பதிலும் அவர் உறுதியாயிருந்தார். அவர் மருத்துவத் தொழிலால் வாழ்ந்தவர். பதினாறாம் நூற்றாண்டில் யோசேப்பு காரோ இதற்கு உடன்படவில்லை. கற்போரைச் சமூகம் தாங்காவிடில் தோரா மறக்கப்படும் என்று வாதாடினார். இவ்வழக்கு இன்னும் முடியவில்லை. 1948இல் இஸ்ரேல் அரசு சுமார் 400 மாணவருக்குப் படைப்பணியிலிருந்து விலக்களித்தது. அத்தொகை பல்லாயிரமாகப் பெருகியபின், விலக்குக்குச் சட்ட அடிப்படை இல்லையென்று 2024 ஜூன் திங்களில் அந்நாட்டு உச்சநீதிமன்றம் தீர்த்தது. கல்வியே நாட்டைக் காக்கிறது என்பார் ஒருபுறம். பிறர் பிள்ளைகளின் இரத்தத்தில் நிழல் தேடுவது தோராவாகுமா என்பார் மறுபுறம். லித்தா மேலறையின் வினா இப்படி அங்காடிக்கு வந்துவிட்டது.

'ஆண்மகன்' என்று சொன்னோம். மகளுக்குத் தோரா கற்பிப்பது கடமை என்று பென் அசாய் கூற, அது தகாது என்று எலியேசர் கூறியதாக மிஷ்னா தெரிவிக்கிறது. நூற்றாண்டுகளாக எலியேசரின் குரலே நின்றது. 1917இல் போலந்து நாட்டுக் கிராக்கூவில் சாராள் செனீரர் என்னும் தையற்கலைப் பெண்மணி சிறுமியருக்கென ஒரு பள்ளியைத் தொடங்கினார். காலம் மாறிற்று, இனிக் கற்பிப்பதே கடமை என்று மூத்த ரபீமார் சிலர் ஆதரித்ததால் அது பல ஊர்களில் பரவியது. அப்பள்ளிகளில் தல்மூது இடம்பெறவில்லை. 1977இல் நியூயார்க்கின் ஸ்டெர்ன் கல்லூரியில் பெண்களுக்குத் தல்மூது வகுப்பை ரபீ சொலோவைச்சிக்கே தொடங்கிவைத்தார். நாளுக்கு ஓர் ஏடு வீதம் 2,711 ஏடுகளைச் சுமார் ஏழரை ஆண்டில் முடிக்கும் முறை 1923இல் வியன்னா மாநாட்டில் மேயர் சப்பீரோ என்பவரால் முன்மொழியப்பட்டது. அதன் 13ஆம் சுற்று 2020 ஜனவரியில் முடிந்தபோது, எருசலேமில் ஆயிரக்கணக்கான பெண்களும் கூடி அந்நிறைவைக் கொண்டாடினர். தோற்ற கருத்தை மிஷ்னா ஏன் எழுதி வைத்தது என்று முன்னர்க் கண்டோம். பென் அசாயின் சொல்லும் அவ்வாறே காத்திருந்தது.

சட்டமும் கட்டளையும்

இறுதியாக, நம் முதல் வினாவோடு நெருங்கிய தொடர்புடைய ஒருவரைக் குறிப்பிடவேண்டும். பிரான்ஸ் ரோசன்சுவைக் (1886–1929) ஜெர்மனியில் பிறந்த யூதர். 1913இல் திருமுழுக்குப் பெற முடிவு செய்திருந்தவர். அவ்வாண்டு பாவநிவாரண நாளன்று பெர்லினில் ஒரு ஜெப ஆலயத்தில் கலந்துகொண்டபின் யூதராகவே நிலைக்கத் தீர்மானித்தார். 1920இல் பிராங்பர்ட் நகரில் யூதக் கல்விக்கூடம் ஒன்றை நிறுவி, மரபைவிட்டு அகன்றவர்களைக் கற்க அழைத்தார். அறியாமையிலிருந்து அறிவுக்கு அன்றி, வெளியிலிருந்து மையத்திற்குத் திரும்புவதே அங்கு நடந்த கல்வி. ஜெபச்சுருள்களைக் கட்டிக்கொள்கிறீரா என்று கேட்டவருக்கு, இன்னும் இல்லை என்று அவர் விடை கூறியதாகச் சொல்வர். 'இல்லை' என்பதற்கும் 'இன்னும் இல்லை' என்பதற்கும் உள்ள தொலைவு நம் திருச்சபையில் திடப்படுத்தலுக்குப்பின் அகன்றுபோன இளைஞரைக் குறித்தும் எண்ணத்தக்கது.

தம் நண்பர் மார்ட்டின் பூபருக்கு 1923இல் எழுதிய கட்டுரையில், ஏட்டில் சட்டமாகக் கிடப்பது கைக்கொள்ளப்படும் வேளையில் இன்று என்னை நோக்கிய கட்டளையாக உயிர்பெற வேண்டும் என்று அவர் வாதிட்டார். வெளிப்பாடு ஒருபோதும் சட்டமியற்றுதல் ஆகாது என்று பூபர் மறுத்தார். ஒத்துப்போகாத இவ்விருவரே 1925 முதல் எபிரேய வேதத்தைச் சேர்ந்து ஜெர்மன் மொழியில் பெயர்க்கத் தொடங்கினர். அதற்குள் ரோசன்சுவைக் முடக்குநோயால் பேச்சும் இழந்திருந்தார்; சைகையால் எழுத்துகளைக் காட்ட, மனைவியார் எழுதிக்கொண்டார். லூத்தர் 'சட்டம்' என்று பெயர்த்த 'தோரா' என்னும் சொல்லுக்கு அவர்கள் 'வழிகாட்டும் போதனை' என்று பொருள்படும் ஜெர்மன் சொல்லை இட்டனர். ஏசாயா நூலில் பணி நடந்துகொண்டிருந்தபோது, 1929இல் ரோசன்சுவைக் மறைந்தார். பூபர் தனியாகத் தொடர்ந்து 1961இல் எருசலேமில் அதை முடித்தார். யாருக்கென்று அம்மொழிபெயர்ப்புத் தொடங்கப்பட்டதோ, அந்த ஜெர்மானிய யூதச் சமூகம் அப்போது இல்லை.